வீட்டில் அனுமதிக்கப்பட்ட பாட்டு

அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் இசையின் கதை – 9

1990களில் அமெரிக்காவின் சிறு நகரங்களில் கிறிஸ்தவப் புத்தகக் கடை இல்லாத ஊர் குறைவு. முன்பக்கம் வேதாகமங்கள், வாழ்த்து அட்டைகள், குழந்தைகளுக்கான படக்கதைகள் இருக்கும். பின்பக்கம் கேசட்டும் சிடியும். பல கடைகளில் அந்த அலமாரிக்கு மேலே சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். இடப்பக்கம் உலகம் கொண்டாடும் பாடகர்களின் பெயர்கள். நேர் எதிரே, அதே சாயலில் பாடும் கிறிஸ்தவக் குழுக்களின் பெயர்கள். மகனின் அறையிலிருந்து எந்த மெட்டல் குழுவின் சத்தம் வருகிறதோ, அதற்கு மாற்று எது என்பதைத் தாய் நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். ராப்புக்கு ஒன்று, பங்க்குக்கு ஒன்று, மென்மையான பாப் பாட்டுக்கு நான்கைந்து என்று எல்லாவற்றுக்கும் ஓர் இணை அங்கே இருந்தது.

அப்படி வாங்கிக் கொடுக்கப்பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது நாற்பதுகளில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் போதகர்கள். சிலர் சபைப் பக்கமே போவதில்லை. எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் பாடகர்களுமாகக் கணிசமானவர்கள் கடந்த இருபது ஆண்டுகளாக அந்த இசையைத் திரும்ப எடுத்துக் கேட்டு, அது தங்களுக்கு என்ன செய்தது என்று விசாரித்துவருகிறார்கள். விசுவாசத்தை விட்டவர்களின் கசப்பு என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்த இசையின் முன்னோடிகளே அதைக் கடுமையாகக் கேள்வி கேட்டவர்கள் என்பதை மறந்தால்தான் அப்படி ஒதுக்க முடியும். பிள்ளைகள் இன்று கையில் வைத்திருக்கும் அளவுகோலை அவர்களுக்குக் கொடுத்ததே அந்தப் பாட்டுகள்தான்.

அந்த வீடுகளில் ‘உலகப் பாட்டு’க்கு இடமில்லை. காரில் கிறிஸ்தவ வானொலி, ஞாயிறு காலை ஆராதனை, புதன் இரவு வாலிபர் கூட்டம், கோடையில் முகாம். வசதிப்பட்டால் பென்சில்வேனியாவில் 1979இல் தொடங்கிய கிரியேஷன் திருவிழா. இன்னும் துணிச்சலான பெற்றோர் என்றால், சிகாகோவில் கூட்டாக வாழ்ந்த ‘ஜீசஸ் பீப்பிள் யுஎஸ்ஏ’ சமூகத்தார் 1984 முதல் 2012 வரை இலினாய் மாநிலத்தில் நடத்திய கார்னர்ஸ்டோன் திருவிழா. திறந்த வெளியில் கூடாரமடித்துத் தங்கி, நாள் முழுக்கப் பாட்டு கேட்டு, இரவில் ஜெபத்தோடு முடியும் நாட்கள். பதினான்கு வயதுப் பிள்ளை கிடாரையும் கண்ணீரையும் தேவனையும் ஒரே இரவில் கண்டது. அந்த அனுபவம் பொய் என்று, விலகிப் போனவர்களில்கூடப் பலர் சொல்வதில்லை.

அந்தப் பாட்டு யாருக்காகச் செய்யப்பட்டது என்ற கேள்விதான் அவர்களைப் பின்னாளில் உலுக்கியது. லியா பெய்ன் என்ற மத வரலாற்று ஆய்வாளர் 2024இல் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக இந்த இசையின் முழு வரலாற்றை எழுதினார். வாலிபர்களுக்கான இசை என்று விளம்பரமானாலும் பணப்பையைத் திறந்தவர்கள் பெரும்பாலும் புறநகர் வெள்ளைக்காரக் குடும்பத்துத் தாய்மார்கள் என்பதை அவர் விரிவாகக் காட்டுகிறார். வானொலிக்காரர்கள் அந்தத் தாய்க்கு ‘பெக்கி’ என்று பெயரே வைத்திருந்தார்கள். குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லும் கற்பனைப் பெண் அவள். பெக்கிக்குப் பிடிக்குமா, பெக்கியின் குழந்தை பின்னிருக்கையில் கேட்கலாமா என்று பார்த்துப் பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். சந்தேகம், கோபம், துக்கம், அரசியல் எல்லாம் அந்தக் காரின் கதவுக்கு வெளியே நின்றன. சங்கீதப் புத்தகத்தில் தாவீது அழுத அழுகைக்கு அங்கே அலைவரிசை கிடைத்திருக்காது.

கம்பெனிகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். டெக்சஸின் வேக்கோ நகரில் 1951இல் ஜாரல் மெக்ராக்கன் தொடங்கிய வேர்ட் நிறுவனம் 1970களிலேயே ஏபிசி தொலைக்காட்சிக் குழுமத்தின் கைக்குப் போயிற்று. பில்லி ரே ஹெர்ன் 1976இல் தொடங்கிய ஸ்பாரோ நிறுவனத்தை 1992இல் ஈஎம்ஐ வாங்கியது. புதிய நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில் கிறிஸ்தவ இசையின் பெரிய லேபிள்கள் எல்லாம் ஈஎம்ஐ, வார்னர், சோனி என்ற உலக நிறுவனங்களின் கிளைகளாகிவிட்டன. உலகத்தின் பாட்டு வேண்டாம் என்று பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்த சிடியின் லாபம், எந்தப் பாட்டு வேண்டாமென்றார்களோ அதே கம்பெனிக்குப் போனது. அந்தத் தாய்மார்கள் யாரும் இதை அறிந்திருக்க வழியில்லை.

1995 இந்த ஏற்றத்தின் உச்சம். அந்த ஆண்டுதான் விற்பனையைக் கணக்கிடும் சவுண்ட்ஸ்கேன் முறைக்குள் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளும் வந்தன. அதுவரை கண்ணில் படாமலிருந்த விற்பனை திடீரென்று பில்போர்டு பட்டியலில் தெரிந்தது. வர்ஜீனியாவின் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் சந்தித்த மூன்று மாணவர்கள் — டோபி மெக்கீஹன், மைக்கேல் டெய்ட், கெவின் மேக்ஸ் — சேர்ந்த ‘டிசி டாக்’ குழுவின் ‘ஜீசஸ் ஃப்ரீக்’ ஆல்பம் நவம்பரில் வந்து, பட்டியலின் 16ஆம் இடத்தில் நுழைந்தது. பள்ளியில் தனித்து நிற்கும் பிள்ளைக்கு அந்தத் தலைப்பே ஒரு கவசம். பைத்தியம் என்று கேலி செய்கிறார்களா, செய்யட்டும் என்று நிமிர்ந்து நிற்க அது கற்றுக்கொடுத்தது. இன்றும் அந்தத் தலைமுறையினரிடம் கேட்டால் முதலில் சொல்வது இந்த ஆல்பத்தின் பெயராகவே இருக்கும்.

தைரியத்தோடு பயமும் வந்தது. இந்தத் தொடரின் தொடக்கத்தில் பார்த்த லாரி நார்மனின் ‘ஐ விஷ் வீட் ஆல் பீன் ரெடி’ இரகசிய வருகையைப் பற்றிய பாட்டு. விசுவாசிகள் ஒரு நொடியில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் பூமியில் விடப்படுவார்கள். 1972இல் வந்த ‘எ தீஃப் இன் தி நைட்’ திரைப்படம் அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டது. சபை மண்டபங்களிலும் முகாம்களிலும் ஆண்டுக்கணக்கில் அதைத் திரையிட்டார்கள். பள்ளிவிட்டு வரும்போது வீடு காலியாக இருந்தால், அம்மா எடுத்துக்கொள்ளப்பட்டாள், நான் விடப்பட்டேன் என்று நடுங்கிய குழந்தைகளின் கதைகள் அந்தத் தலைமுறையினரின் நினைவுக் குறிப்புகளில் மறுபடி மறுபடி வருகின்றன. அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாள். அந்தப் பத்து நிமிட நடுக்கம் நாற்பது வயதிலும் உடம்பில் இருக்கிறது என்று எழுதுகிறவர்களை மிகைப்படுத்துகிறார்கள் என்று தள்ளிவிட முடியாது.

அடுத்தது உடம்பைப் பற்றிய பாட்டுகள். 1993இல் தென்னகப் பாப்திஸ்து சபையார் ‘ட்ரூ லவ் வெய்ட்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். திருமணம்வரை காத்திருப்பேன் என்று பிள்ளைகள் அட்டையில் கையெழுத்திட வேண்டும். மறு ஆண்டு ஜூலையில் வாஷிங்டனின் நேஷனல் மால் புல்வெளியில் அப்படிப்பட்ட 2,00,000க்கும் மேற்பட்ட அட்டைகளை நட்டுவைத்தார்கள். அந்தக் காத்திருப்பை டிசி டாக் பாடியது. ரெபெக்கா செயின்ட் ஜேம்ஸ் 2000இல் ‘வெய்ட் ஃபார் மீ’ என்று வரப்போகும் கணவனை நோக்கிப் பாடினார். ஜாஷுவா ஹாரிஸ் என்ற இளைஞர் 1997இல் காதலிப்பதற்கே விடைகொடுத்து எழுதிய புத்தகம் வாலிபர் கூட்டங்களில் பாடநூலானது. பாட்டும் புத்தகமும் அட்டையும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அந்த அறிவுரையால் உடம்பைக் கண்டு வெட்கப்படவே கற்றோம் என்று பெண்கள் வரிசையாகப் பேசத் தொடங்கிய பிறகு, 2018இல் ஹாரிஸ் தம் புத்தகத்தை மேலும் அச்சிட வேண்டாம் என்றார். அடுத்த ஆண்டு, தாம் இனிக் கிறிஸ்தவர் அல்ல என்று அறிவித்தார். அவர் புத்தகத்தை நிறுத்தியதில் ஒரு நேர்மை இருந்தது. பாட்டை அப்படி அச்சிலிருந்து நிறுத்த யாராலும் முடியாது; கேட்டவர்களின் வாயில் அது இருக்கிறது.

கொலராடோவில் 1999 ஏப்ரல் 20 அன்று கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. சுட்டவன் ஒரு மாணவியிடம் தேவனை நம்புகிறாயா என்று கேட்டான், ஆம் என்றாள், சுட்டான் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அந்த ஆண்டின் இறுதியில் பாடகர் மைக்கேல் டபிள்யூ. ஸ்மித் அந்த மாணவியை நினைத்து ‘திஸ் இஸ் யுவர் டைம்’ என்ற பாட்டை வெளியிட்டார். அதற்கு முன்பே, செப்டம்பரில், விசாரணையின் விவரங்கள் பத்திரிகைகளில் வரத் தொடங்கியிருந்தன. அந்த உரையாடல் உயிர் பிழைத்த வேறொரு மாணவியோடு நடந்தது என்பதே சாட்சியங்கள் காட்டிய முடிவு. பாட்டு அதற்கெல்லாம் நிற்கவில்லை. வாலிபர் கூட்டங்களில் பிள்ளைகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டார்கள்: துப்பாக்கி முன்னால் நின்றால் ஆம் என்று சொல்வேனா? இறந்த பிள்ளையின் குடும்பத்துத் துக்கம் உண்மை. பாடியவரின் இரக்கமும் உண்மையாகவே இருந்திருக்கும். நடந்தது என்ன என்று உறுதிப்படும் முன்னே ஒரு சாவைச் சாட்சியாக்கி, அதைப் பதின்ம வயதுப் பிள்ளைகளின் தோளில் ஏற்றியது சரியா என்ற கேள்வி, வளர்ந்த பிறகு அவர்களை விடவில்லை.

இந்த இசை தன் பாடகர்களை எப்படி நடத்தியது என்பதற்கு ஏமி கிராண்டின் கதையே போதும். நாஷ்வில்லில் வளர்ந்த அந்தப் பெண்ணின் முதல் ஆல்பம் 1977இல், பள்ளி வயதிலேயே வந்தது. 1982இல் வந்த ‘ஏஜ் டு ஏஜ்’ பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. கிறிஸ்தவப் பாட்டு இவ்வளவு விற்கும் என்று அதுவரை யாரும் எண்ணியிருக்கவில்லை. அதிலிருந்த ‘எல் ஷடாய்’ சபை ஆராதனைக்குள்ளேயே போய்விட்டது. 1991இல் வந்த ‘ஹார்ட் இன் மோஷன்’ ஆல்பத்தின் ‘பேபி பேபி’ பில்போர்டு பட்டியலில் முதலிடம். தம் கைக்குழந்தையை நினைத்து எழுதிய பாட்டு அது. காட்சிப்படத்தில் ஓர் ஆண் நடிகரோடு அவர் சிரித்து விளையாடியதற்காகச் சபைப் பக்கம் முகம் சுளித்தார்கள். பாட்டில் இயேசுவின் பெயர் எங்கே என்று கேட்டார்கள். நிமிடத்துக்கு எத்தனை முறை இயேசுவின் பெயர் வருகிறது என்ற கணக்கு வானொலி வட்டாரத்தில் பேச்சுவழக்காகவே இருந்தது. இந்தக் குழப்பம் வளர்ந்து, 1998இல் கிறிஸ்தவ இசைக்கான டவ் விருதுகளை வழங்கும் காஸ்பல் மியூசிக் அசோசியேஷன் எது கிறிஸ்தவப் பாட்டு என்பதற்கு எழுத்தில் ஒரு வரையறையே வகுத்தது.

மறு ஆண்டு ஏமி கிராண்டின் மணமுறிவு. சில வானொலி நிலையங்கள் அவர் பாட்டுகளை நிறுத்தின. 2000இல் அவர் கன்ட்ரி இசைப் பாடகர் வின்ஸ் கில்லை மணந்தபோது பேச்சு இன்னும் கூடியது. பதினைந்து ஆண்டுகளாக அவருடைய குரலைக் கேட்டுத் தூங்கிய சிறுமிகளுக்கு அது ஒரு பாடம்: இவரையே இப்படி வெளியே தள்ளுவார்கள் என்றால் என்னை என்ன செய்வார்கள்? 2022இல் அவருக்குக் கென்னடி மையத்தின் கௌரவம் கிடைத்தது. கிறிஸ்தவப் பாப் இசையிலிருந்து வந்த ஒருவருக்கு நாடு தந்த மிக உயர்ந்த மரியாதை அது.

மார்ஷா ஸ்டீவன்ஸுக்கு அந்த அளவு இரக்கம்கூடக் கிடைக்கவில்லை. 1969இல், பதினாறு வயதில், ‘ஃபார் தோஸ் டியர்ஸ் ஐ டைட்’ பாட்டை எழுதியவர் அவர். கலிபோர்னியாவின் கால்வரி சேப்பலில் முளைத்த இயேசு இயக்கத்தின் ஆரம்பப் பாட்டுகளில் அது ஒன்று, பாட்டுப்புத்தகங்களிலும் ஏறியது. பத்தாண்டு கழித்து, தாம் ஒருபாலீர்ப்புடையவர் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதும், பாட்டுப்புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து அவருக்கே அஞ்சலில் அனுப்பினார்கள். பரலோகத்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கு நன்றி சொல்லும் ‘தாங்க் யூ’ பாட்டால் லட்சக்கணக்கானோரைக் கலங்கவைத்த ரே போல்ட்ஸ் அதையே சொல்ல 2008வரை காத்திருந்தார். அப்போது அவர் மேடையைவிட்டு இறங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த இசையின் இன்னொரு சுவர் நிறம். ராக் இசையே கறுப்பினத்தார் சபைகளின் பாட்டில் வேர்விட்டது. கறுப்பினப் பாடகர் ஆண்ட்ரே கிரவுச் 1972இல் டல்லஸில் நடந்த எக்ஸ்ப்ளோ மாநாட்டு மேடையில் வெள்ளை வாலிபர்களின் பெருங்கூட்டத்தைப் பாடவைத்தவர். ஆனாலும் அவர் போன்றவர்களின் பாட்டு ‘காஸ்பல்’ என்று தனி அலமாரிக்கும், தனிப் பட்டியலுக்கும், தனி விருதுப் பிரிவுக்கும் போயிற்று; வெள்ளைக்காரர் பாடியது வெறுமனே ‘கிறிஸ்தவ இசை’. 2016 டவ் விருது விழாவில் காஸ்பல் பாடகர் கர்க் ஃபிராங்க்ளின், காவலர்களால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர்களையும் டல்லஸில் கொல்லப்பட்ட காவலர்களையும் ஒருசேர நினைத்து ஜெபிக்கச் சொன்னார். ஒளிபரப்பில் அந்தப் பகுதி வெட்டப்பட்டது. 2019இல் மறுபடி பேசினார், மறுபடி வெட்டினார்கள். இனி வரமாட்டேன் என்று அவர் அறிவித்த பிறகுதான் மன்னிப்புக் கேட்டார்கள். அலமாரியில் ‘காஸ்பல்’ ஏன் தனியாக இருந்தது என்று வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளில் பலர் முதன்முதலாக யோசித்தது இப்படிப்பட்ட செய்திகளைப் படித்தபோதுதான்.

இவ்வளவையும் அடுக்கிவிட்டு அந்த இசையே வியாபாரம் என்று முடித்தால் அது நியாயமாகாது. ஏனென்றால் அதே அலமாரியில் கீத் கிரீனும் இருந்தார். 1980இல் அவர் தம் ஆல்பத்துக்கு விலையே வைக்கவில்லை. கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள், முடியாவிட்டால் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 1982 மே மாதத்துக்குள் அனுப்பப்பட்ட 2,00,000க்கும் மேற்பட்ட பிரதிகளில் 61,000 இலவசம். அதில் ஒரு பாட்டுக்கு பாப் டிலன் ஹார்மோனிக்கா வாசித்திருக்கிறார். அந்த ஜூலையில், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய சிறு விமானம் டெக்சஸில் விழுந்தது. கிரீனும் அவருடைய இரண்டு குழந்தைகளும் உட்படப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அவருக்கு வயது 28.

ரிச் மல்லின்ஸ் இன்னொருவர். ‘ஆஸம் காட்’ பாட்டை 1988இல் தந்து, முகாம் தீயைச் சுற்றி உட்கார்ந்த எல்லாப் பிள்ளைகளையும் பாடவைத்தவர். வருமானம் முழுவதும் கணக்காளரிடம் போகும்; சராசரி அமெரிக்கத் தொழிலாளியின் சம்பளம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் அவர் கைக்கு வரும். மிச்சம் தானம். எவ்வளவு சம்பாதிக்கிறேன் என்று தமக்கே தெரியக்கூடாது என்றிருந்தார். நாற்பதை நெருங்கும்போது கல்லூரியில் சேர்ந்து இசைக் கல்வி படித்து, நவஹோ மக்களின் நிலத்துக்குப் போய்க் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார். 1997 செப்டம்பர் 19 அன்று சாலை விபத்தில் இறந்தார். அமெரிக்க வசதியையும் சுவிசேஷத்தையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள் என்று அவர் மேடையிலேயே சொல்லிவந்தார். லாரி நார்மனும் 1972இல் லண்டனில் பதிவு செய்த ‘ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானட்’ ஆல்பத்தில், நிறவெறியையும் வியட்நாம் போரையும், பசித்தவர் இருக்கச் சந்திரனுக்குப் பணம் செலவழிப்பதையும் நேருக்கு நேர் கேட்டிருந்தார். அந்த ஆல்பத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பின்னாளில் தன் தேசிய ஒலிப்பதிவுப் பேழையில் சேர்த்தது.

இவர்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளை பெரியவனாகிக் கணக்குக் கேட்டால் அது துரோகமா? மெகன் ஓகீப்லின் என்ற கட்டுரையாளர் 2011இல் ‘கெர்னிகா’ இதழில் எழுதிய ‘ஸ்னிஃபிங் க்ளூ’ இதை மிகக் கூர்மையாகப் பேசுகிறது. மூடி வேதாகமக் கல்லூரியில் படித்தவர் அவர். எங்களைக் கவர வேண்டும் என்று சபை எம்டிவியைப் போல வேடம் போட்டதைப் பிள்ளைகளான நாங்கள் கண்டுகொண்டோம் என்கிறார். விசுவாசம் விசித்திரமாகத் தோன்றியதால் அவர் விலகவில்லை. விசித்திரம் முழுக்கத் தேய்ந்து, கிறிஸ்தவள் என்பது பிடித்த பாட்டுகளின் பட்டியலோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு சீட்டு ஆகிவிட்டதால் விலகினார். சபைத் தலைவர்கள் படித்துத் தூக்கமிழக்க வேண்டிய கட்டுரை அது. ஜான் ஜெரிமையா சல்லிவன் ‘ஜிக்யூ’ இதழுக்காக 2004இல் கிரியேஷன் திருவிழாவுக்குப் போய் எழுதியது வேறு வகை. தெரிந்த செய்தியைத் தெரிந்தவர்களுக்கே விற்கும் இசை என்று அவர் தீர்ப்பு கடுமை. அங்கே சந்தித்த மேற்கு வர்ஜீனியாப் பையன்களின் மேல் அவருக்கு வந்த மரியாதையும், தம் பதின்ம வயதில் இயேசுவின்மேல் கொண்டு இன்னும் முழுதாக விடாத அன்பும் அந்தத் தீர்ப்பைத் தாண்டி நிற்கின்றன.

பாடியவர்களும் இதே வழியில் நடந்தார்கள். போதகர் குடும்பச் சூழலில் வளர்ந்த டேவிட் பஸான், ‘பெட்ரோ தி லயன்’ குழுவாகக் கிறிஸ்தவ வாலிபர்களின் அந்தரங்கக் குரலாக இருந்தவர். 2009இல் வந்த ‘கர்ஸ் யுவர் பிராஞ்சஸ்’ அவர் தேவனோடு வழக்காடிப் பிரிந்த ஆல்பம். குடித்துவிட்டுத் திரிந்ததற்காக முன்பு அவரை வெளியேற்றிய கார்னர்ஸ்டோன் திருவிழா, அதே ஆண்டு அவரை மறுபடி மேடைக்கு அழைத்தது. சந்தேகத்தைப் பாடுகிறவனைக் கேட்க விசுவாசிகள் கூட்டமாக வந்து நின்றார்கள். முடிந்ததும் அவரிடம் விவாதித்தார்கள். அந்த அழைப்பு இந்த இசையின் வரலாற்றில் மிக நல்ல தருணங்களில் ஒன்று. ‘கேட்மன்ஸ் கால்’ குழுவிலிருந்து வந்த டெரெக் வெப், அதே 2009இல், சபை எதற்காக அழுகிறது எதற்காக அழவில்லை என்று கேட்ட ஒரு பாட்டைத் தம் லேபிள் ஆல்பத்தில் சேர்க்க மறுத்ததை எதிர்கொண்டார். 2017இல் வந்த ‘ஃபிங்கர்ஸ் கிராஸ்ட்’ ஆல்பத்தில் மனைவியோடும் விசுவாசத்தோடும் நேர்ந்த இரண்டு பிரிவுகளையும் ஒன்றாகப் பாடினார்.

2023இல் வெப் சேர்ந்து பாடிய ‘குட் டே’ என்ற பாட்டு ஐட்யூன்ஸின் கிறிஸ்தவப் பட்டியலில் முதலிடத்துக்குப் போயிற்று. அதைப் பாடியவர் ‘ஃப்ளேமி கிராண்ட்’ என்ற மேடைப் பெயர் கொண்ட, பெண் வேடமிட்டுப் பாடும் ஆண் கலைஞர். சிறுவயதில் தம்மைத் தாங்கிய ஏமி கிராண்டின் மேலுள்ள அன்பால் அப்படிப் பெயர் வைத்துக்கொண்டவர். ஒரு வலதுசாரி ஆராதனைப் பாடகர் அவரை வெளிப்படையாகக் கண்டித்த சில நாட்களில் இந்த ஏற்றம் நடந்தது. பழைய பாட்டை வெறுத்தவர்களின் செயலாக இதைப் படிக்க முடியவில்லை. அந்தப் பாட்டில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று கேட்கிறவர்களின் செயல் இது.

2025 ஜூனில் இன்னொரு அடி விழுந்தது. டிசி டாக் குழுவிலும் பின்பு ‘நியூஸ்பாய்ஸ்’ குழுவிலும் பாடிய மைக்கேல் டெய்ட், தம் போதைப் பழக்கம், குடி, தகாத நடத்தை பற்றி வந்த செய்திகள் பெரும்பாலும் உண்மை என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன் ‘ஜீசஸ் ஃப்ரீக்’ கேசட்டைத் தேயும்வரை கேட்டவர்கள் தவித்துப் போனார்கள். பாதிக்கப்பட்டவர்கள் இவ்வளவு காலம் ஏன் பேச முடியவில்லை என்பதே அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி. பெக்கியின் காரில் கேட்கக்கூடாதவற்றை எல்லாம் மறைத்தே பழகிய ஒரு தொழிலில், மேடைக்குப் பின்னால் நடப்பதும் மறைந்தே இருந்திருக்கிறது.

ஜெனிஃபர் நாப் வேறொரு வழியைத் தேர்ந்தார். 1998இல் வந்த அவருடைய ‘கேன்சஸ்’ ஆல்பம், கரகரத்த குரலும் ஒரு கிடாருமாக, அலமாரியிலிருந்த எதன் நகலாகவும் இல்லாமல் தனித்து நின்றது. புகழின் நடுவில் 2002இல் அவர் காணாமல் போனார். 2010இல் திரும்பி வந்து, தாம் ஒரு பெண்ணோடு வாழ்வதாகவும், விசுவாசத்தை விடவில்லை என்றும் சொன்னார். லாரி கிங்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு போதகர் அவருக்கு எதிரே உட்கார்ந்து வாதாடினார். நாப் குரல் உயர்த்தாமல் பதில் சொன்னார். ‘கேன்சஸ்’ வந்து கால் நூற்றாண்டு ஆனதை ஒட்டி, அதே ஆல்பத்தை முழுவதுமாக மறுபடி பாடிப் பதிவு செய்து 2024இல் வெளியிட்டார். ஐம்பதை எட்டிய ஒரு பெண் இருபதுகளில் எழுதிய ஜெபங்களைத் திரும்பப் பாடுகிறார். எதை மாற்றினார், எதை அப்படியே விட்டார் என்று அந்தத் தலைமுறை இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டது.

அந்தப் புத்தகக் கடைகள் இன்று பெரும்பாலும் இல்லை. ‘ஃபேமிலி கிறிஸ்டியன்’ கடைகள் 2017இலும் ‘லைஃப்வே’ கடைகள் 2019இலும் மூடப்பட்டன. அந்தத் தலைமுறையினரின் பிள்ளைகள் ஃபோனில் கேட்பது பெரும்பாலும் ஆராதனைப் பாட்டு. 2010 முதல் 2020 வரை அமெரிக்கச் சபைகளில் மிக அதிகமாகப் பாடப்பட்ட 38 புதிய பாட்டுகளை ஆய்வாளர்கள் குழு ஒன்று பட்டியலிட்டு, 2023இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 36 பாட்டுகள் பெத்தேல், ஹில்சாங், எலிவேஷன், பேஷன் என்ற நான்கு பெருஞ்சபைகளோடு தொடர்புள்ளவை. அந்த நான்கில் ஹில்சாங் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. சிட்னியின் புறநகரில் ஒரு சபை எப்படி உலகத்துக்கே பாட்டு எழுதத் தொடங்கியது என்பதை அடுத்த பகுதியில் காண்போம்.